டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தது யார்? திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பாலிடெக்னிக் மாணவர்களுக்கு மாலை நேரத்தில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லித் தருகிறேன். டிரான்சிஸ்டர் பாடம் வந்தால், அது எப்படி வேலை செய்கிறது என்பதைவிட யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள், யாருக்கு அநியாயம் நடந்தது என்பதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வருடா வருடம் அதே கேள்விகள், பிள்ளைகள்தான் வேறு. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

டிரான்சிஸ்டர்னா ரேடியோதானே சார்? எங்க தாத்தா ரேடியோவைத்தான் டிரான்சிஸ்டர்னு சொல்வார்.

தாத்தா சொன்னதில் தப்பில்லை. வால்வு என்ற கண்ணாடிக் குழாய்கள் வைத்த ரேடியோ இருந்த காலத்தில் அது பெரிய மரப்பெட்டி, கரண்ட் இருக்கும் வீட்டில் ஒரே இடத்தில்தான் நிற்கும். பேட்டரி போட்டு வயலுக்கும் டீக்கடைக்கும் எடுத்துப் போகும் சின்ன ரேடியோ வந்தபோது, உள்ளே வால்வுக்குப் பதிலாக டிரான்சிஸ்டர் இருந்ததால் அதை 'டிரான்சிஸ்டர் ரேடியோ' என்றார்கள். போகப் போக 'ரேடியோ' உதிர்ந்து 'டிரான்சிஸ்டர்' மட்டும் நின்றுவிட்டது. இலங்கை வானொலியைக் காதோடு வைத்துக் கேட்ட தலைமுறைக்கு அந்தப் பெயர் பழகிப்போனது.

ஆனால் உண்மையில் டிரான்சிஸ்டர் என்பது அந்த ரேடியோவுக்குள் இருந்த, மூன்று கால் வைத்த சின்ன உறுப்பு. 1954 அக்டோபரில் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட ரீஜென்சி டிஆர்-1 என்ற ரேடியோவில் அப்படி நான்கே நான்குதான் இருந்தன, விலை 49.95 டாலர்.

சரி, அந்த மூணு கால் சாமான் அப்படி என்னதான் செய்யுது?

வாய்க்கால் மடையை நினைத்துக்கொள்ளுங்கள். மடைப்பலகையை ஒரு கையால் கொஞ்சம் தூக்கினால் ஏரித்தண்ணீர் பாய்ந்து வரும், இறக்கினால் நிற்கும். தூக்குகிற கைக்குத் தேவைப்படும் பலம் சின்னது, பாய்கிற தண்ணீரின் வேகம் பெரியது. டிரான்சிஸ்டரில் ஒரு காலில் கொடுக்கும் சின்ன மின்சாரம்தான் அந்தக் கை, மற்ற இரண்டு கால்களுக்கு நடுவே ஓடும் பெரிய மின்சாரம்தான் தண்ணீர். கை அசைகிற மாதிரியே தண்ணீரும் ஏறி இறங்கும். இதைத்தான் பெருக்குதல் என்கிறோம். மடையை முழுக்கத் திறப்பது, முழுக்க மூடுவது என்று மட்டும் வைத்துக்கொண்டால் அதுவே சுவிட்ச், கணினி முழுக்க அந்தச் சுவிட்ச்தான்.

இங்கே ஒரு குழப்பம் வரும்: சின்ன மின்சாரம் பெரிசாக மாறிவிட்டது என்று நினைப்பார்கள். மாறவில்லை. பெரிய மின்சாரம் பேட்டரியிலிருந்து வருகிறது, ஏரி எப்போதும் ஏரிதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஜகதீஷ் சந்திர போஸ் பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

கைடில் 'வில்லியம் ஷாக்லி'ன்னு ஒரே பேர் போட்டிருக்கு. அது சரியா?

சரியில்லை, எனக்கு மனவருத்தம் தருகிற பிழை இது. 1947 டிசம்பரில் முதல் டிரான்சிஸ்டரைச் செய்து, வேலை செய்ய வைத்தவர்கள் ஜான் பார்டீன், வால்ட்டர் பிராட்டன் என்ற இருவர். அவர்கள் இருந்த குழுவின் தலைவர் ஷாக்லி. சில வாரங்களில் அதைவிட நல்ல இன்னொரு வகையை ஷாக்லி யோசித்தார். 1956-இல் இயற்பியல் நோபல் பரிசு மூவருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது.

ஒரு மதிப்பெண் கேள்வியாக வந்தால் மூன்று பெயரையும் எழுதுங்கள், இடம் அமெரிக்காவின் பெல் ஆய்வகம், ஆண்டு 1947. 'புள்ளித்தொடு டிரான்சிஸ்டர்' (தங்கப் புள்ளிகள் தொடுகிற அந்த முதல் வகை) என்று குறிப்பாகக் கேட்டால் பார்டீன், பிராட்டன். 'சந்தி டிரான்சிஸ்டர்' (அடுக்குகள் சந்திக்கும் இடத்தை வைத்துச் செய்கிற வகை) என்று கேட்டால் ஷாக்லி, 1948.

வால்வு நல்லாத்தானே வேலை செஞ்சுது? எதுக்குப் புதுசா ஒண்ணு?

பெல் ஆய்வகம் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகம் என்பதை மறந்துவிட்டால் இது புரியாது. நெடுந்தூரம் போகும் பேச்சு கம்பியிலேயே தேய்ந்துபோகும், வழியில் பல இடங்களில் அதைப் பெருக்கி அனுப்ப வேண்டும், அதற்கு வால்வுகள். வால்வு என்பது காற்றை எடுத்துவிட்ட கண்ணாடிக் குழாய், உள்ளே ஓர் இழை சிவக்கச் சூடானால்தான் எலக்ட்ரான் கிளம்பும். சூடாகிறது, மின்சாரம் தின்கிறது, பல்பு மாதிரியே ஒருநாள் பியூஸ் போகிறது. எக்ஸ்சேஞ்சில் இணைப்பு மாற்றித் தந்ததோ ரிலே, அது 'டக் டக்' என்று அடித்துத் தேய்கிற இயந்திரச் சுவிட்ச்.

ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த மெர்வின் கெல்லிக்கு இந்த இரண்டுமே பெரிய தலைவலி. அசையாத, சூடாகாத, திடப்பொருளாலான ஒன்று வேண்டும் என்று 1930-களிலேயே ஷாக்லியிடம் சொல்லியிருந்தார். போர் வந்து எல்லோரையும் வேறு வேலைக்கு இழுத்துக்கொண்டது. 1945-இல்தான் குழு மறுபடி கூடியது.

1947 டிசம்பர்ல அங்க என்னதான் நடந்துச்சு? கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

இந்தக் கேள்வியைத்தான் நான் எப்போதும் எதிர்பார்ப்பேன். கதை தோல்வியில் ஆரம்பிக்கிறது. 1945-இல் ஷாக்லி ஒரு திட்டம் போட்டார்: குறைக்கடத்தி, அதாவது சிலிக்கான், ஜெர்மானியம் போல மின்சாரத்தை ஓரளவுக்கே கடத்தும் பொருள், அதன் துண்டு ஒன்றின் மேல், அதைத் தொடாமல், ஓர் உலோகத் தகட்டை வைத்து மின்னழுத்தம் கொடுத்தால் துண்டுக்குள் ஓடும் மின்சாரம் கூடிக் குறைய வேண்டும். கணக்கு சரியாக வந்தது, கருவி அசையவே இல்லை. ஏன் என்று பார்டீனிடம் கேட்டார். பார்டீன் யோசித்துச் சொன்ன பதில், துண்டின் மேற்பரப்பிலேயே எலக்ட்ரான்கள் சிக்கிக்கொண்டு, வெளியே கொடுக்கும் அழுத்தம் உள்ளே போகாமல் திரை மாதிரி தடுத்துவிடுகின்றன என்பது. அந்த ஒரு விளக்கம்தான் வழியைத் திறந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் குழு மேற்பரப்பைத்தான் துருவித் துருவிப் பார்த்தது.

1947 நவம்பரில் பிராட்டன் தன் சோதனையை ஒரு திரவத்துக்குள் முக்கிப் பார்த்தார், அந்தத் திரை விலகுவதற்கான அறிகுறி தெரிந்தது. ராபர்ட் கிப்னி என்ற வேதியியலாளர் திரவத்தின் வழியாக மின்னழுத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அடுத்த சில வாரங்கள் பார்டீன் பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொல்லுவார், பிராட்டன் கையால் செய்வார். சிலிக்கானிலிருந்து ஜெர்மானியத்துக்கு மாறினார்கள். பெருக்கம் கிடைத்தது, ஆனால் திரவம் மந்தமானது, குரல் அளவு வேகத்துக்குக்கூட ஈடுகொடுக்கவில்லை. திரவத்தை விட்டுவிட்டு, ஜெர்மானியத்தின் மேல் இருக்கும் ஆக்சைடு படலத்தின் மீது தங்கத்தை வைத்துப் பார்க்கலாம் என்று போனால், கழுவும்போது படலமே போய்விட்டிருந்தது. தங்கம் ஜெர்மானியத்தை நேராகவே தொட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தவறில்தான் எதிர்பாராத புது விளைவு ஒன்று தென்பட்டது.

இரண்டு தங்கப் புள்ளிகள் மிக மிக நெருக்கமாக இருந்தால் நன்றாக வேலை செய்யும் என்பது பார்டீனின் கணிப்பு. அவ்வளவு மெல்லிய கம்பி கிடையாது. பிராட்டன் ஒரு முக்கோண பிளாஸ்டிக் துண்டின் விளிம்பில் தங்கத் தாளை ஒட்டி, முனையில் பிளேடால் கீறினார். தாள் இரண்டானது, நடுவே மயிரிழை அளவு இடைவெளி. அதை ஒரு ஸ்பிரிங்கால் ஜெர்மானியத்தின் மேல் அழுத்தினார். 1947 டிசம்பர் 16 அன்று அது பெருக்கியது. பார்டீன் வீட்டுக்குப் போய், சமையலறையில் வேலையாக இருந்த மனைவியிடம் இன்றைக்கு ஒன்று கண்டுபிடித்தோம் என்று மெதுவாகச் சொன்னாராம். அவர் பேசுவதே அவ்வளவுதான்.

சில இடத்துல டிசம்பர் 16, சில இடத்துல 23. எது சரி?

இரண்டும் சரி. மேலே சொன்னபடி 16-ஆம் தேதி அது முதலில் வேலை செய்தது. 23-ஆம் தேதி ஆய்வக மேலதிகாரிகளுக்கு முன்னால் பேசிக் காட்டினார்கள், கருவியைச் சுற்றில் சேர்த்தும் விலக்கியும் பார்த்தபோது குரல் ஏறி இறங்குவது ஹெட்போனில் தெளிவாகக் கேட்டது. வெளியுலகத்துக்கு அறிவித்தது 1948 ஜூன் 30 அன்றுதான். நியூயார்க் டைம்ஸ் மறுநாள் அதை 46-ஆம் பக்கத்தில், வானொலிச் செய்திகளுக்கு நடுவே போட்டது.

பேரு யார் வெச்சது?

ஜான் பியர்ஸ், அதே ஆய்வகத்துப் பொறியாளர். 1948 மே மாதத்தில் பல பெயர்களை எழுதிச் சுற்றுக்கு விட்டு ஓட்டு எடுத்தார்கள். வேரிஸ்டர், தெர்மிஸ்டர் என்று ஏற்கெனவே புழங்கிய மின் உறுப்புகளின் பெயர்களோடு ஒத்துப்போனதால் டிரான்சிஸ்டர் நின்றது.

ஷாக்லி கைவைச்சே செய்யலைன்னா அவருக்கு ஏன் நோபல்?

நியாயமான கோபம்தான், ஆனாலும் பொறுமையாகக் கேளுங்கள். தன் குழு ஜெயித்ததில் ஷாக்லிக்கு மகிழ்ச்சியும் இருந்தது, தான் அதில் நேரடியாக இல்லையே என்ற வேதனையும் இருந்தது. பின்னாளில் அவரே அதைச் சொல்லியிருக்கிறார். ஆரம்ப யோசனை என்னுடையது, அதனால் என் பெயரில் காப்புரிமை எடுக்கப் பார்க்கிறேன் என்று அவர் சொன்னபோது, இதில் எல்லோருக்கும் போதுமான பெருமை இருக்கிறதே என்று பிராட்டன் வெடித்தார்.

அந்த வேகத்திலேயே, புத்தாண்டு சமயத்தில் சிகாகோவில் ஓர் ஓட்டல் அறையில் தங்கியிருந்தபோது பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். 1948 ஜனவரி 23 அன்று சந்தி டிரான்சிஸ்டர் என்ற யோசனை முழுதாக உருவாகிவிட்டது. தங்கப் புள்ளிகளே வேண்டாம். குறைக்கடத்தியில் இரண்டு வகை உண்டு, எலக்ட்ரான் மிகுந்த வகை, எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள் அதாவது 'துளைகள்' மிகுந்த வகை, இவற்றை மூன்று அடுக்காக வைத்தால் நடு அடுக்கே மடைப்பலகை ஆகிவிடும். பிராட்டன் செய்தது தட்டினால் அளவு மாறிவிடுகிற நோஞ்சான் கருவி, தொழிற்சாலையில் ஒரே மாதிரி ஆயிரம் செய்வது கடினம். உலகம் பயன்படுத்தியது ஷாக்லியின் வகையைத்தான். 1950-இல் கார்டன் டீல் வளர்த்த ஒற்றைப் படிகத்தை வைத்து மார்கன் ஸ்பார்க்ஸ் அதைச் செய்தே காட்டினார். 1951-இல் அறிவித்தார்கள்.

அதனால் நோபல் தகுதியானதுதான் என்பது என் கருத்து. தகாதது வேறு: அந்த யோசனையை ஒரு மாதத்துக்குத் தன் குழுவினரிடமே மூடி வைத்திருந்தார். ஜான் ஷைவ் என்ற சக விஞ்ஞானி ஒரு கூட்டத்தில் அதை ஒட்டிய முடிவு ஒன்றைச் சொன்னபோதுதான், பிறர் முந்திவிடுவார்களோ என்று எழுந்து வெளியிட்டார். மூவரும் சேர்ந்திருக்கும் அந்தப் பிரபலமான புகைப்படத்தைப் பாருங்கள். நடுவில் கருவிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் ஷாக்லி. அது பிராட்டனின் மேசை. பிராட்டனுக்கு அந்தப் படம் கடைசிவரை பிடிக்கவில்லை.

முதல் காப்புரிமையில ஷாக்லி பேரே இல்லையாமே, அது உண்மையா?

உண்மை. வழக்கறிஞர்கள் தேடியபோது, ஷாக்லியின் ஆரம்ப யோசனையைப் போன்ற ஒன்றுக்கு ஜூலியஸ் லிலியன்ஃபெல்ட் என்பவர் 1925, 1926 ஆண்டுகளிலேயே விண்ணப்பித்திருந்தது தெரிந்தது. ஷாக்லியின் யோசனையை உள்ளே சேர்த்தால் மொத்தமும் விழுந்துவிடும் என்று பயந்து, பார்டீன், பிராட்டன் இருவர் பெயரில் புள்ளித்தொடு கருவியை மட்டும் பதிந்தார்கள். சந்தி வகைக்கு ஷாக்லி பெயரில் தனிக் காப்புரிமை உண்டு.

அப்படியானால் லிலியன்ஃபெல்ட்தான் முதல்வர் என்று சிலர் வாதாடுவார்கள். யோசனையில் முதல்வர் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அவர் காலத்தில் தூய்மையான குறைக்கடத்தி கிடையாது, மேலே பார்டீன் சொன்ன மேற்பரப்புத் தடையும் யாருக்கும் தெரியாது. காகிதத்தில் இருந்தது, கையில் வரவில்லை.

ஜகதீஷ் சந்திர போஸ் இதை முதல்லயே செஞ்சுட்டார்னு ஃபார்வர்ட் வந்துச்சே?

போஸ் பெரிய மனிதர், அவரைப் போற்ற இல்லாததைச் சேர்க்கத் தேவையில்லை. கலீனா என்ற ஈயத்தாதுப் படிகத்தை வைத்து ரேடியோ அலையை உணரும் கருவி செய்தார், 1901-இல் விண்ணப்பித்து 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். குறைக்கடத்தியை வைத்துச் செய்த கருவிகளுக்கான மிகப் பழைய காப்புரிமைகளில் அது ஒன்று.

ஆனால் அது இரண்டு முனைக் கருவி. வருகிற அலையைக் கண்டுகொள்ளும், பெருக்காது. மடை உவமையில் சொன்னால், தண்ணீர் வருகிறதா என்று பார்க்கும் கருவி அது, பலகை அதில் இல்லை. அதை டிரான்சிஸ்டருக்கு முன்னோடி வரிசையில் வைக்கலாம், டிரான்சிஸ்டர் என்று சொல்ல முடியாது.

1947-லதான் ரோஸ்வெல்ல பறக்கும் தட்டு விழுந்துச்சாம், அதுல இருந்து எடுத்ததுதானே இது?

ஆண்டு ஒன்றாக இருப்பது மட்டும்தான் ஒற்றுமை. ரோஸ்வெல் என்ற அமெரிக்க ஊரிலிருந்து அந்தச் செய்தி வந்தது 1947 ஜூலை. அதே பெல் ஆய்வகத்தில் ரஸ்ஸல் ஓல் என்பவர் விரிசல் விட்ட ஒரு சிலிக்கான் துண்டில் வெளிச்சம் பட்டால் மின்னழுத்தம் எழுவதைப் பார்த்து, சந்தி என்ற விஷயத்தையே கண்டறிந்தது 1940. ஷாக்லியின் தோற்றுப்போன சோதனை 1945. ஒவ்வொரு நாளும் என்ன செய்தார்கள், எது தோற்றது என்று பிராட்டன் தேதி போட்டு எழுதிய குறிப்பேடுகள் இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. ராடாரில் வேலை செய்த ஹெர்பர்ட் மத்தாரே, ஹைன்ரிஷ் வெல்கர் என்ற இரண்டு ஜெர்மானியர்கள், போருக்குப் பிறகு பாரிஸில் இருந்துகொண்டு, அமெரிக்காவில் நடந்தது தெரியாமலே 1948-இல் இதே மாதிரி ஒன்றைச் செய்துவிட்டார்கள், 'டிரான்சிஸ்ட்ரான்' என்று பெயர். போர்க்கால ராடாருக்காகப் படிகங்களைத் தூய்மைப்படுத்தியதில் இரண்டு கண்டத்திலும் அறிவு ஒரே கட்டத்துக்கு வந்திருந்தது. ராப்பகலாக உழைத்தவர்களின் பெயரை அழித்துவிட்டு ஒரு வதந்திக்கு அந்தப் புகழைக் கொடுப்பது எனக்குத் தாங்கவில்லை.

ஜெர்மானியத்துல ஆரம்பிச்சு ஏன் சிலிக்கானுக்குப் போனாங்க?

சூடுதான் காரணம். ஜெர்மானியம் சுமார் 938 டிகிரியில் உருகும், சிலிக்கானுக்கு 1414 டிகிரி வேண்டும், அதனால் அன்றைக்குத் தூய்மைப்படுத்த ஜெர்மானியமே சுலபம். ஆனால் கருவி கொஞ்சம் சூடானாலே ஜெர்மானியத்தில் மின்சாரம் கசிய ஆரம்பிக்கும், மூடினாலும் ஒழுகுகிற மடை போல. முன்பு சொன்ன கார்டன் டீல், பெல்லை விட்டு டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸுக்குப் போய், 1954 மே மாதத்தில் ஒரு மாநாட்டில் செய்து காட்டினார். இசைத்தட்டு ஓடிக்கொண்டிருக்க, ஜெர்மானிய டிரான்சிஸ்டரைக் கொதிக்கும் எண்ணெயில் விட்டார், பாட்டு நின்றது. சிலிக்கான் டிரான்சிஸ்டரை விட்டார், பாட்டு தொடர்ந்தது.

அப்புறம் மூணு பேரும் என்ன ஆனாங்க?

பிராட்டன் ஷாக்லியின் கீழ் வேலை செய்ய மறுத்து வேறு குழுவுக்குப் போனார், ஓய்வுக்குப் பிறகு தான் படித்த விட்மன் கல்லூரியிலேயே பாடம் நடத்தினார். 1987-இல் இறந்தார்.

ஷாக்லி கலிபோர்னியா போய் 1956-இல் மவுண்டன் வியூவில் தன் பெயரில் ஓர் ஆய்வகம் தொடங்கினார். ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் அபாரத் திறமை, வைத்துக்கொள்வதில் அறவே இல்லை. சந்தேகமும் அதட்டலும் தாங்காமல் 1957-இல் எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அவர்களில் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் இருவரும் 1968-இல் இன்டெல்லைத் தொடங்கினார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கு அங்கே வளர்ந்ததற்கு இது பெரிய காரணம். ஷாக்லி பின்னாளில் கறுப்பின மக்கள் பிறவியிலேயே அறிவு குறைந்தவர்கள் என்று மேடை போட்டுப் பேசினார். அது அவர் துறையும் அல்ல, அறிவியலும் அல்ல, அருவருப்பான பேச்சு. மாணவர்கள் கேட்டால் இதை நான் மறைப்பதில்லை. 1989-இல் இறந்தார்.

பார்டீனுக்கு ரெண்டு நோபலாமே? ரெண்டுமே இயற்பியல்லயா?

ஆமாம், இயற்பியலில் இரண்டு முறை வாங்கிய ஒரே ஆள். ஷாக்லி சந்தி ஆராய்ச்சியிலிருந்து அவரை ஒதுக்கி வைத்ததால் 1951-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே லியான் கூப்பர், ராபர்ட் ஷ்ரீஃபர் என்ற இரண்டு இளைஞர்களோடு, சில உலோகங்கள் மிகக் குளிர்ந்தால் மின்தடையே இல்லாமல் போவது ஏன் என்பதை 1957-இல் விளக்கினார். 1911-இல் கண்டறியப்பட்டு, பெரிய பெரிய ஆட்கள் கைவிட்ட புதிர் அது. 1972-இல் மூவருக்கும் நோபல்.

முதல் நோபல் செய்தி வந்தபோது காலையுணவுக்கு முட்டை பொரித்துக்கொண்டிருந்தார், ரேடியோவில் கேட்டதும் வாணலியைக் கீழே போட்டுவிட்டார். பிள்ளைகளின் படிப்பு கெடக்கூடாது என்று விழாவுக்கு மூன்று பிள்ளைகளில் ஒருவரைத்தான் கூட்டிப் போனார். ஸ்வீடன் அரசர் அதைச் செல்லமாகக் கடிந்துகொள்ள, அடுத்த முறை எல்லோரையும் அழைத்து வருகிறேன் என்றார். 1972-இல் அழைத்தும் போனார். எனக்கு இந்த மூவரில் பிடித்தவர் இவர்தான், பிள்ளைகளுக்கு இவர் பெயர்தான் தெரிவதில்லை.

இப்ப நம்ம போன்ல இருக்கிறதும் அதே டிரான்சிஸ்டர்தானா?

இல்லை. பிராட்டன் செய்ததும் இல்லை, ஷாக்லியின் சந்தி வகையும் பெரும்பாலும் இல்லை. போனின் சில்லில் (சிப்) ஆயிரம் கோடிக்கு மேல் இருப்பவை 'மாஸ்ஃபெட்' என்ற வகை. 1971-இல் இன்டெல்லின் முதல் நுண்செயலியில் சுமார் 2300 இருந்தன, அவையும் இதே வகை.

மாஸ்ஃபெட் எப்படி வேலை செய்யும் என்று பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்: குறைக்கடத்தியின் மேல், அதைத் தொடாமல் ஒரு தகடு, அதில் மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே மின்சாரம் கூடிக் குறையும். லிலியன்ஃபெல்ட் எழுதி வைத்ததும், 1945-இல் ஷாக்லி செய்து தோற்றதும் ஏறக்குறைய இதுதான். தடுத்தது பார்டீன் சொன்ன அந்த மேற்பரப்புத் திரை. பெல் ஆய்வகத்திலேயே முகமது அட்டல்லா என்ற எகிப்தியர், சிலிக்கானைச் சூட்டில் பக்குவமாக ஆக்சைடு கட்டவிட்டால் அந்தத் திரை அடங்கிவிடும் என்று கண்டார். அவரும் கொரியாவில் பிறந்த டாவோன் காங்கும் சேர்ந்து 1959-இல் அதை வேலை செய்ய வைத்தார்கள்.